பீரோ கதவுக்குக் கிடைத்த கைதட்டல்

காது ஆஸ்பத்திரிகளில் செவித்திறனைச் சோதிக்க ஓர் அறை இருக்கும். சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்து, கனத்த கதவு போட்டு, உள்ளே ஒரே ஒரு நாற்காலி. நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க. எவ்வளவு சின்னதா கேட்டாலும் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்குவான். இந்த வேலையில்தான் அவனுடைய இளமை போனது, மீசையும் நரைத்தது. ஆஸ்பத்திரியில் அவனை மெஷின்காரர் என்பார்கள். வேலை முடிந்து, லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் போய் ஏறுகிற சின்னச் சின்ன மேடைகளில் அவனுக்குப் பெயர் காலி.

அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. காது போய்விட்டது என்று ஒத்துக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? கண்ணாடி வழியாக அவன் தோள் அசைவதைப் பார்த்துக் கையைத் தூக்குவார்கள். இந்நேரம் வந்திருக்கும் என்று குத்துமதிப்பாகத் தூக்குவார்கள். அதற்கு அவனிடம் ஒரு வைத்தியம் உண்டு. பொத்தானை அமுக்காமல் சும்மா இருப்பான். எதிரே இருப்பவர் நிசப்தத்துக்குக் கையைத் தூக்கிவிட்டு, வகுப்பில் சரியான பதில் சொன்ன பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அவன் சிரிக்கமாட்டான். கோபமும் படமாட்டான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

காலி என்ற பெயருக்குக் காரணம் அவன் வாசிக்கிற விதம். லேப்டாப்பில் இசை வாசிக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். பெரும்பாலானவர்கள் எல்லாவற்றையும் வீட்டிலேயே சமைத்து டப்பாவில் அடைத்துக் கொண்டுவருவார்கள். மேடையில் சூடு பண்ணிப் பரிமாறுவதுதான் மிச்சம். அதைக் குறை சொல்லவில்லை, அதற்கும் கைப்பக்குவம் வேண்டும். ஆனால் இவன் வழி வேறு. மேடை ஏறியதும் லேப்டாப்பைத் திறந்து, திரையைக் கூட்டத்தின் பக்கம் ஒருமுறை திருப்பிக் காட்டுவான். ஒரு கோடு, ஒரு புள்ளி இருக்காது. பிறகு ஒரே ஒரு மைக்கைக் கூட்டத்தைப் பார்க்க வைத்துவிட்டுக் காத்திருப்பான். அறையில் முதலில் எந்தச் சத்தம் விழுகிறதோ அதுதான் அன்றைய கச்சேரிக்கு மூலதனம். யாரோ இருமுவார்கள். நாற்காலி கிறீச்சிடும். சாவிக்கொத்து கைதவறி விழும். அதைப் பிடித்து, நறுக்கி, திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, ஒரு துண்டை இழுத்து நீட்டி, இன்னொன்றைத் தாழ்த்தி அடியில் போட்டு, அதிலேயே தாளம் கட்டி, அதிலேயே மெட்டும் எடுப்பான். ஓர் இருமலிலிருந்து அடைமழை வந்த நாள் உண்டு. முடிந்ததும், சேமிக்கவா என்று லேப்டாப் கேட்கும். வேண்டாம் என்று தட்டிவிட்டு மூடிவிடுவான். நேற்று வாசித்தது இன்றைக்கு அவனிடமே கிடையாது.

அவன் மனைவிக்கு ஒரு தம்பி. லாரி வைத்துத் தொழில் செய்கிறவன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு நல்ல மனசு. அக்காள் வீட்டுக்காரரின் கச்சேரிக்கு ஒருமுறை வந்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் அதே கேள்விதான்.

"பட்டனைத் தட்டினா பாட்டு வரப்போகுது. அதுக்கு நீங்க எதுக்கு மாமா இப்படி வேர்த்து ஊத்தறீங்க?"

"வராமப் போனா?"

"வராமப் போற மாதிரி எதுக்கு வச்சுக்கறீங்க? என் டிரைவர் எவனாவது டயர் பஞ்சராகட்டும்னு ஆணி மேல ஓட்டுவானா?"

அவன் சிரித்து மழுப்பிவிட்டான். பதில் இல்லாமல் இல்லை. சொன்னால் கிறுக்கு என்பார்கள் என்று விட்டுவிட்டான். பகல் முழுக்க அளந்து வைத்த சத்தங்களை அளந்து வைத்த அளவில் அவன் மற்றவர் காதில் போட்டுக்கொண்டிருந்தான். அந்த இயந்திரம் ஒருநாளும் தப்பு செய்ததில்லை. அவனையும் செய்யவிட்டதில்லை. காலித் திரைக்கு முன்னால், அடுத்து என்ன வரும் என்று தெரியாமல், வயிறு பிசைய உட்கார்ந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தான் ஒரு ஆள் என்று அவனுக்குத் தோன்றியது. அது ஒன்றுதான் அவனுக்கென்று இருந்த சொத்து.

ஆபத்து சும்மா பேச்சுக்கு இல்லை. ஒரு புத்தகக் கடையின் மாடியில் வாசித்தபோது லேப்டாப் உறைந்துபோய், கடுகளவு ஒரு சத்தம் மட்டும் டக் டக் டக் என்று மரங்கொத்தி மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. எந்தச் சாவியைத் தட்டினாலும் நிற்கவில்லை. கூட்டம் அதையும் இசை என்று எடுத்துக்கொண்டது. ஒரு புண்ணியவான் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டார். இன்னொரு நாள் மைக் ஊளையிட்டு, கல்யாணமாகாத இரண்டு பேர் காதைப் பொத்துகிற சாக்கில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்ததுதான் கண்ட பலன். இன்னொரு நாள் எல்லாம் சரியாகவே ஓடியது, ஆனால் கேட்கச் சகிக்கவில்லை. பிடித்த சத்தம் கடைசிவரை மசியவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவான். ஆனால் மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதே விரல்கள் குழாயின் சொட்டுச் சத்தத்துக்குத் தாளம் போடும்.

இதற்கெல்லாம் சேர்த்து வதைபட்டவள் அவன் மனைவி. அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கத்தி, கத்தரி, பஞ்சு என்று எல்லாவற்றையும் எண்ணி வைத்து, முடிந்ததும் எண்ணி எடுக்கிற வேலை. அங்கே மேஜைக்குப் பக்கத்தில் ஒரு இயந்திரம் ஓயாமல் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய், வேண்டுமென்றே சத்தத்தை நிறுத்திவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்குக் கட்டிவைத்திருந்தார்கள். ஆனாலும் அவள் ஒரு கச்சேரியைத் தவறவிட்டதில்லை. டியூட்டியை மாற்றிக்கொண்டாவது வந்துவிடுவாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான்.

"நல்லபடியா முடிஞ்சுது" என்பாள். அதை அவன் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தான். ஆண்பிள்ளை புத்தி.

இப்படியே புத்தகக் கடை மாடி, கல்லூரி வகுப்பறை, மூடிய கார் ஷெட் என்று போய்க்கொண்டிருந்தவனுக்கு ஒருநாள் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்தது. புதிதாகக் கட்டிய அரங்கம். மெத்தை வைத்த இருக்கைகள், கூரையிலிருந்து தொங்கும் ஸ்பீக்கர்கள், கடைசி வரிசைக்குப் பின்னால் மிக்சர் மேஜை, அதற்கென்று ஒரு சவுண்டுக்காரர். நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டது ஒரு அம்மாள். எல்லோரும் மேடம் என்றார்கள். பேச்சில் தேன் ஒழுகும், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"எங்க அரங்கத்துல ஒரு வழக்கம் சார். லேப்டாப்ல வாசிக்கறவங்க யாரா இருந்தாலும், பதிவு பண்ணின மாற்று ஒண்ணு சவுண்டுக்காரர்கிட்ட குடுத்து வைக்கணும். நடுவுல மெஷின் நின்னுட்டா அதைப் போட்டுருவோம். ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது."

"நான் பதிவு பண்றதில்லையே மேடம்."

"ஒரு பத்திரத்துக்குத்தான் சார். போடவா போறோம்?"

வீட்டில் வந்து குதித்தான். எங்கேயாவது கயிற்றில் நடக்கிறவன் கீழே மெத்தை விரித்திருக்கிறது என்று தெரிந்து நடப்பானா என்றான். நடக்கிறவன் பெண்டாட்டியைக் கேட்டுப் பாருங்கள், விரிக்கத்தான் சொல்லுவாள் என்றாள் மனைவி. அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை. துணி மடித்துக்கொண்டே, "குடுத்துதான் வைங்களேன். எனக்காக" என்று மட்டும் சொன்னாள். எனக்காக என்று அவள் எதையும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தான். கூட்டம் இல்லாத வீட்டில் முதல் சத்தத்துக்கு எங்கே போவது? பீரோ கதவைத் திறந்து மூடினான். எண்ணெய் கண்டு வருடக்கணக்கான கதவு. அது அழுத அழுகையை வைத்து முழு நீளத்துக்கு ஒன்றைக் கட்டி முடித்தான். சுத்தமாக, சீராக, பிசிறில்லாமல் வந்தது. அடுத்து என்ன வேண்டுமானாலும் சாவகாசமாக யோசித்து, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி செய்யலாம் என்று இருந்ததால் பயமே இல்லை. கேட்டுப் பார்த்தான். உப்புச் சப்பில்லாமல் இருந்தது. போடவா போகிறார்கள் என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

நிகழ்ச்சியன்று மத்தியானம் ஒலிச் சோதனை. சவுண்டுக்காரர் தொழிலில் கெட்டி, பார்க்க சாது. கழுத்தில் துண்டு மாதிரி ஒரு வயரைப் போட்டுக்கொண்டிருப்பார். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"நடுவுல எங்கயாவது நிறுத்துவீங்களா சார்? நிறுத்தறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. குறிச்சு வச்சுக்கறேன்."

"தெரியாதே."

"தெரியாதுன்னா?"

"நிறுத்தினாலும் நிறுத்துவேன். இப்பவே சொல்லிட்டா அப்புறம் அது நடிப்பாயிடும்."

சவுண்டுக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "சரி சார்" என்றார். வேறு எந்த வாத்தியக்காரனும் இந்த இடத்தில், சாமி, நான் நிறுத்தினால் நீ கையை வைத்துவிடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். இவன் சொல்லவில்லை. சொன்னால் தன் மனசுக்குள்ளேயே ஒரு திட்டம் உட்கார்ந்துவிடும், அப்புறம் அந்த நிமிஷத்தில் தோன்றியது என்று எப்படிச் சொல்வது என்று பார்த்தான். கொள்கை என்று ஒன்று இருந்தால் அதற்கு இப்படியா முட்டுக் கொடுப்பது? அவனுக்கு அவனே குழி வெட்டியது அந்த மத்தியானத்தில்தான்.

சாயங்காலம் அரங்கம் நிறைந்துவிட்டது. மனைவி நடுவரிசையில் இருந்தாள். மச்சினனும் வந்திருந்தான், நல்ல சட்டை போட்டுக்கொண்டு. மேடையில் அவன் காலித் திரையைத் திருப்பிக் காட்டினான், மைக்கை வைத்தான், ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தான். மெத்தை இருக்கை ஒன்று மடங்கி எழும்பிய சத்தம் விழுந்தது. பிடித்துக்கொண்டான். அதிலிருந்து மெல்லத் தாளம் எழுந்தது. அன்றைக்கு விரல்கள் சொன்னபடி கேட்டன. இழுத்த இடத்துக்கு இசை வந்தது, விட்ட இடத்தில் நின்றது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது அவனுக்கு மேடையிலிருந்தே தெரிந்தது. அடுக்கி அடுக்கி உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எல்லாவற்றையும் இங்கே நிறுத்து என்று உள்ளே ஏதோ சொன்னது. நிறுத்தினான்.

ஒன்றும் இல்லை. அவ்வளவு பெரிய அரங்கத்தில் குளிர்சாதனத்தின் முனகல்கூட அடங்கின மாதிரி இருந்தது. அவன் அடிவயிறு கலங்கியது. விரலைப் பதிவுச் சாவியின் மேல் வைத்துக்கொண்டு, எங்கிருந்து என்ன வரும் என்று ஹெட்போனில் காதைத் தீட்டிக் காத்திருந்தான். கொஞ்சம் நேரம். இன்னும் கொஞ்சம் நேரம். முன்வரிசையில் யாரோ அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார்கள். ஆணா பெண்ணா தெரியாது. நீளமான, நடுங்குகிற ஒரு மூச்சு. அவன் அதைப் பிடித்துவிட்டான்.

அதே நொடியில் கூரை ஸ்பீக்கர்களிலிருந்து அவன் வீட்டு பீரோ கதவு அலறியது.

கடைசி வரிசைக்குப் பின்னால் சவுண்டுக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒலி அளவைக் காட்டும் மீட்டர் அடியோடு விழுந்ததைப் பார்த்திருக்கிறார். கொஞ்சம் பொறுத்தும் இருக்கிறார். பிறகு செத்தவனைப் பிழைக்கவைக்கிற அவசரத்தோடு இவன் லைனை அடைத்துவிட்டு மாற்றைப் போட்டுவிட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்படி ஒரு கைதட்டலை அவன் வாழ்நாளில் வாங்கியதில்லை.

கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றிருக்கலாம். எழுந்திருக்கவேண்டும் என்றுதான் நினைத்தான். நினைத்துக்கொண்டிருக்கும்போதே நேரம் ஓடிவிட்டது. முதல் கைதட்டலில் எழாதவன் இரண்டாவதில் எப்படி எழுவது? அதைவிடக் கொடுமை, ஹெட்போனுக்குள் அந்த மூச்சு சுழன்றுகொண்டிருந்தது. அதை அவனால் விடமுடியவில்லை. வெளியே பீரோ கதவு கொடிகட்டிப் பறக்க, உள்ளே அவன் அந்த மூச்சை விரித்தான். அது அலையாயிற்று. அலைக்கு அடியில் ஒரு துடிப்பு வந்தது. அதன்மேல் யாரோ தூரத்தில் பாடுகிற மாதிரி ஒரு இழை எழுந்தது. இதற்காகத்தான் இத்தனை வருடம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாசித்தவன் ஒருவன், கேட்டவனும் அவனே. கண்ணில் தண்ணீர் வழிந்தது. கூட்டத்துக்கு அதுவும் தெரிந்தது. பீரோ கதவுக்காக அழுகிறான் என்று அவர்களும் கலங்கினார்கள்.

பதிவு முடிகிற இடம் அவனுக்குத் தெரியும். அதோடு அவனும் முடித்தான். சேமிக்கவா என்று லேப்டாப் கேட்டது. எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தபடியே, பழக்கதோஷத்தில், வேண்டாம் என்று தட்டிவிட்டான். தட்டிய பிறகுதான் உறைத்தது.

மேடைக்குப் பின்னால் மேடம் நின்றிருக்க, சவுண்டுக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சமாளிச்சுட்டோம்ல சார்? யாருக்கும் தெரியலை."

"அது நிக்கலைங்க. நான்தான் நிறுத்தினேன்."

"விடுங்க சார். மெஷின்னா நிக்கத்தான் செய்யும். இதுல என்ன கேவலம்?"

"நிஜமாவே நான்தான் நிறுத்தினேன். வேணும்னே."

சவுண்டுக்காரர் மேடத்தைப் பார்த்தார். மேடம் சவுண்டுக்காரரைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒரே கனிவு. அந்தக் கனிவு அவனுக்கு நன்றாகத் தெரிந்த கனிவு. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தினம் தினம் அவன் காட்டுகிற கனிவு அது.

"சரி சார், நீங்கதான் நிறுத்தினீங்க" என்றார் மேடம். "இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

பிறகு நடந்ததெல்லாம் புகழ்தான். அந்த நிசப்தத்தையும் அதன்பின் எழுந்த அலறலையும் யாரோ போனில் எடுத்துப் போட்டு, அது கைக்குக் கை போயிற்று. ஒரு பத்திரிகை, அந்தக் கணத்தில் பிறந்த இசை, முன்கூட்டி யோசித்தால் இப்படி வராது என்று எழுதியது. அதை வெட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி டாக்டரே அவன் அறைக்கு வந்தார். மச்சினன், "இப்பதான் மாமா எனக்குப் புரிஞ்சுது. நின்னு போயிருமோன்னு நானே பதறிட்டேன். அப்புறம் கிளப்பினீங்க பாருங்க" என்றான். காலித் திரையில் தொடங்கிய அத்தனை வருடத்தில் மச்சினன் ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது. யாரிடம் போய் என்னவென்று சொல்வது? நிஜத்தைச் சொன்னால், லேப்டாப் நின்றதை மறைக்கப் பதிவைப் போட்டான் என்றுதான் ஊர் புரிந்துகொள்ளும். வேண்டுமென்றே நிறுத்தினேன் என்பதை நம்ப ஒரு ஆள் கிடையாது.

அந்த வாரத்தில் சோதனை அறைக்கு ஒரு பெரியவர் வந்தார். அவன் பொத்தானைத் தொடாமல் இருந்தபோது கையைத் தூக்கினார். மறுபடியும் தூக்கினார். அவன் கதவைத் திறந்து உள்ளே போனான்.

"ஐயா, நான் ஒண்ணுமே போடலை. என்ன கேட்டுச்சு உங்களுக்கு?"

"கேட்டுச்சு தம்பி. சின்னதா கேட்டுச்சு."

"பொய் சொல்லாதீங்க. கேக்காததுக்குக் கையைத் தூக்கித் தூக்கித்தான் எல்லாம் நாசமாப் போகுது."

பெரியவர் மிரண்டுபோய்த் தூக்கின கையை இறக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே இருந்த அவர் மகள் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். டாக்டர் கூப்பிட்டு, புகழ் தலைக்கு ஏறிவிட்டதா என்று கேட்டார். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். அன்று முழுக்க அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கணக்கைத் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தான். மேடத்திடம் போய், இன்னொரு நிகழ்ச்சி கொடுங்கள், ஆனால் மாற்று எதுவும் தரமாட்டேன் என்றான். புகழ் வந்த நேரம் என்பதால் அவரும் தலையாட்டினார். சவுண்டுக்காரரிடம் இந்தத் தடவை காதோடு காதாகச் சொல்லி வைத்தான். என்ன ஆனாலும் கையை வைக்காதீர்கள் என்று. வாழ்க்கையில் முதன்முறையாக, நிறுத்தப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு மேடை ஏறினான்.

வாசித்தான். ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினான். உடனே அரங்கம் முழுக்கப் போன்கள் எழுந்தன. எல்லோருக்கும் அந்த இடம் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் வந்திருந்தார்கள். ஒருவர் விசில் அடித்தார். இதோ வரப்போகிறது பார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது மைக்கில் விழுந்தது. அவன் ஒரு மூச்சுக்காகக் காத்திருந்தான். மூச்சு வரவில்லை. போன்களின் டிக் டிக்தான் வந்தது. வேறு வழியில்லாமல் அதைப் பிடித்தான். அது மசியவில்லை. இழுத்தால் அறுந்தது, தாழ்த்தினால் மண்ணாக இருந்தது. நெற்றி வியர்வை சாவிகளின் மேல் சொட்டச் சொட்ட, விழுந்து எழுந்து, எப்படியோ கரை சேர்த்தான். நேர்மையான, மோசமான கச்சேரி. போன்கள் பாதியிலேயே இறங்கிவிட்டன.

வெளியே வரும்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய மனிதர் அவன் தோளில் கை வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. போன தடவை உயிர் இருந்துச்சு. அந்த நிமிஷத்துல வந்தது. இந்தத் தடவை வீட்லயே தயார் பண்ணிக் கொண்டுவந்த மாதிரி இருக்கு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நிறுத்தமுடியாது என்று பயந்து, "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

மறுநாள் காலையில் மனைவி டியூட்டிக்குக் கிளம்ப யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் தேநீரோடு வந்து நின்றான். இத்தனை நாள் அடக்கி வைத்ததை அவளிடமாவது கொட்டிவிடவேண்டும் என்று இருந்தது.

"அன்னைக்குப் பெரிய கச்சேரியில, நான் நிறுத்தினதுக்கு அப்புறம் வந்தது..."

"பீரோ கதவு" என்றாள் அவள், சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வந்த உடனேயே. நான் தினம் திறந்து மூடற கதவுதானே. எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் இவ்வளவு நாளா ஒரு வார்த்தை சொல்லலை?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கோபமாக ஏதோ வரப்போகிறது என்று அவன் எதிர்பார்த்தான். ஏமாற்றிவிட்டீர்களே என்று கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு ஆளாவது ஏமாந்ததற்கு வருத்தப்பட்டாள் என்று இருக்கும்.

"கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். "கல்யாணமானதுலேர்ந்து உங்க கச்சேரி ஒண்ணு விடாம வந்திருக்கேன். ஒண்ணையும் நான் கேட்டதில்லை. எப்ப நின்னு போகுமோ, எப்ப நாலு பேர் முன்னாடி தலை குனிஞ்சு நிக்கப்போறீங்களோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன். என்ன வாசிச்சீங்கன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அன்னைக்கு பீரோ கதவு வந்துச்சு பாருங்க, அப்பதான் மூச்சே விட்டேன். இனிமே நிக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் கேட்டேன். நல்லா இருந்துச்சுங்க. நீங்க வாசிச்சு நான் கேட்டது அது ஒண்ணுதான்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நீ கேட்டது நான் வாசித்ததில்லை, நான் வாசித்ததை யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்ததும் ஆறின தேநீரை ஒரே மடக்காகக் குடித்துவிட்டான். இத்தனை வருடமும் தன் வயிற்றில் மட்டும்தான் அந்தப் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அது அவனுக்குச் சொத்து. அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

"அப்படியே பண்ணுங்களேன் இனிமே" என்றாள். "ஊரும் ஒத்துக்கிச்சு. நானும் நிம்மதியா வருவேன்."

அவன் அப்படியே செய்தான். மேடம் வெளியூர் அரங்கங்களுக்கும் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு இடத்திலும் காலித் திரையைத் திருப்பிக் காட்டினான். முதல் பாதி கொஞ்சம் வாசிப்பான், நிறுத்துவான், சவுண்டுக்காரர் பீரோ கதவைப் போடுவார். ஆரம்பத்தில் இரண்டு மூன்று இடங்களில், அன்றைக்குப் போலவே ஹெட்போனுக்குள் ரகசியமாக வாசித்துப் பார்த்தான். வரவில்லை. தப்பானால் கேட்பதற்கு யாரும் இல்லை என்று விரல்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொள்வதோடு சரி.

கடைசியாக அவன் வாசித்ததாகச் சொல்லப்படும் கச்சேரியில் மனைவி முன்வரிசையில் இருந்தாள். கதவு அலறியதும் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாக ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சாவிகளின் மேல் விரல்களைச் சும்மா ஓடவிட்டுக்கொண்டு அவளையே பார்த்தான். அவளுக்குப் பயமில்லை. அவனுக்கும் பயமில்லை. வயிற்றைப் பிசையாதா, ஒரு தடவையாவது பிசையாதா என்று பதிவு முடியும்வரை அவன் மேடையில் காத்துக்கொண்டிருந்தான். பிசையவில்லை. எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.